பதினான்காம் மனையில் ஒரு மாடும் நானும்

ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடுவது என் வேலை. ஒரு பெட்டி போல்ட் வந்தால்கூட எங்கே செய்தது, எப்போது செய்தது, யார் கையெழுத்து என்று மூன்று தாள் கேட்பேன். தாள் இல்லையென்றால் மஞ்சள் நாடா ஒட்டிய கட்டத்துக்குள் தள்ளி, 'ஹோல்டு' என்று அட்டை மாட்டிவிடுவேன். சரக்கு கொண்டுவரும் ஓட்டுநர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

இப்பேர்ப்பட்ட நான்தான், வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு ஊரில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மாட்டைப் பார்த்ததும் மயங்கி, அங்கேயே விலை பேசி வாங்கிவிட்டேன். அதற்குக் கண்ணிமை வெள்ளையாக இருந்தது. காதில் தடுப்பூசிக்காரர்கள் மாட்டும் மஞ்சள் வில்லை. அதைப் பார்த்ததும் முத்திரை குத்திய சரக்கு என்று மனசு முடிவு செய்துவிட்டது. போன வாரம் இது எங்கே இருந்தது, எந்தச் சந்தையில் எந்த மாட்டோடு மூக்கை உரசியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போல்ட்டுக்கு மூன்று தாள் கேட்கிறவன் மாட்டுக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அப்போது சுற்றுப்பக்கத்தில் கோமாரி என்று பேச்சு இருந்தது. வாயிலும் குளம்பிலும் கொப்புளம் போட்டு, ஒரு தொழுவத்திலிருந்து அடுத்த தொழுவத்துக்குச் சொல்லாமல் போகும் நோய். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு மாடு இருந்தது. எங்கள் மாடு என்று நான் சொல்லக்கூடாது. அது என் மனைவியின் மாடு. அப்போது நிறைசினை. தடுப்பூசி முகாமில், "பிரசவம் முடியட்டும், அடுத்த சுற்றில் போட்டுக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். ஆகவே புது மாட்டைப் பற்றிக் கேட்டதும் கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா ஒரே மூச்சில் சொன்னார்: "மூணு வாரம் தனியா வைங்க. தனி வாளி, தனிக் கயிறு, தனி ஆள்."

முதல் இரண்டும் என் காதில் விழுந்தன.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. நுழைவு வளைவு கட்டியாகிவிட்டது, சாலை போட்டாகிவிட்டது, எண் எழுதிய கற்கள் நட்டாகிவிட்டது. வீடு மட்டும் வரவில்லை. பதினான்காம் எண் மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார். போனில் கேட்டதும் சரி என்றார். குட்டி யானை வண்டியிலிருந்து மாட்டை அங்கே இறக்கி, நாலு பக்கமும் குச்சி நட்டு, கம்பெனியில் கழித்துப் போட்ட மஞ்சள் நாடாவைச் சுற்றினேன். வாசலில் ஒரு ஹோல்டு அட்டையும் தொங்கவிட்டேன்.

என் மனைவி தூரத்தில் நின்று பார்த்தாள்.

"இன்னாங்க இது, மாட்டுக்குக் கடை தொறப்பு விழாவா? ரிப்பன் கட்டிக்கினு கீறீங்க?"

"இது குவாரண்டைன் மே. உலகம் பூரா இப்படித்தான்."

"மாடு உள்ள கீது, சரி. நீங்க உள்ளயா வெளியவா?"

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

அந்த வாரம் எனக்கு மூன்றாம் ஷிஃப்ட். விடிந்ததும் கம்பெனி பேருந்து வளைவருகே இறக்கிவிடும். நேராக மாட்டிடம் போய்விடுவேன். மார்கழிப் பனியில் மனைக்கற்கள் எல்லாம் உட்கார்ந்து கூட்டம் போடுகிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. பனிக்கு மேலே கண்டெய்னர்கள் மட்டும் சக்கரமில்லாமல் மிதந்து போகும். தொழிற்சாலைக் குழாயிலிருந்து ஒரு ஆவி, மாட்டின் மூக்கிலிருந்து ஒரு ஆவி, என் டீயிலிருந்து ஒரு ஆவி. மூன்றும் மேலே போய் எங்கோ ஒன்றாகிவிடும். இரவெல்லாம் இயந்திரச் சத்தம் கேட்ட காதுக்கு அது அசைபோடும் சத்தம், யாரோ நிதானமாகத் துணி மடித்து அடுக்குவது போல இருக்கும். நான் கல்லில் சாய்ந்து கண்ணை மூடுவேன். கன்வேயரில் மாடுகள் வரிசையாக வரும், நான் ஒவ்வொன்றின் காதையும் பிடித்துப் பார்த்து, "சரி, போ" என்பேன். அவை நன்றி சொல்லிக்கொண்டே போகும். தூக்கமா விழிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத நேரம் அது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் வேலை பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மாடு அசைபோடவில்லை. உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தரையைத் தொட்டது. முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கியது.

டாக்டரம்மா வந்து நாக்கை இழுத்துப் பார்த்தார். கொப்புளம். குளம்பு இடுக்கிலும் கொப்புளம்.

"ஊசி போட்ட மாடுதானே டாக்டரம்மா? காதுல வில்லை கீதே?"

"வில்லை நோயைத் தடுக்காது சார். ஊசி எப்ப போட்டாங்க, சரியா பிடிச்சுதா, அதெல்லாம் இருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். "இங்கேர்ந்து வீட்டு மாட்டுக்கு எதாவது போச்சா? வாளி, புல்லு, ஆளு?"

ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. புது மாடு பாதி தின்று விட்ட சோளத்தட்டையை நான் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போகிறேன். கம்பெனியில் மீந்த பொருளை லைனுக்குத் திருப்பி அனுப்புவோம், வீணாக்குவது குற்றம். வீட்டுத் தொழுவத்தில் போடுகிறேன். சினை மாடு தலையைக் குனிகிறது. ஆனால் இது நடந்ததா, கல்லில் சாய்ந்து கண்டதா? அந்தக் காட்சியில் பனி இருந்தது. மாடு எனக்கு நன்றி சொன்னதாகவும் ஞாபகம். அதுதான் சந்தேகம்.

மனைவியிடம் சொன்னேன்.

"கனவா நெசமா? அத்த மட்டும் சொல்லு." 'சொல்லுங்க' போய்விட்டது, கவனித்தேன்.

"தெரியல மே."

"உன் பாட்டுக்குத் தூங்கிக்கினே பண்ணியிருக்க. என் மாடு வாயில்லாத ஜீவன்யா! கன்னுக்குட்டி வவுத்துல கீது!"

டாக்டரம்மா குறுக்கே வந்தார். "கனவுனாலும் நடந்ததாவே வெச்சுக்குவோம். அந்த மாட்டை நான் தினமும் பாக்கறேன். கொப்புளம் வரதுன்னா ரெண்டு வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும். நீங்க சார், வீட்டுப்பக்கம் போகாதீங்க."

இந்த மாட்டைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். விற்றவரிடம் ஏற்றிவிட்டால் தொல்லை விட்டதே. டாக்டரம்மா கேட்டார்: "வழியில எத்தனை ஊரு சார்? எச்சில் ஒழுகிக்கிட்டே போகும்." எண்ணிப் பார்த்தேன். வழி நெடுகத் தொழுவங்கள். அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

அப்படித்தான் நான் ஹோல்டில் போனேன். மனைவி நாடாவுக்கு வெளியே சுண்ணாம்புத் தூளைக் கோடாகத் தூவினாள். சாப்பாட்டை எண் கல்லின் மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நிற்பாள். என் சீருடையை நான் அங்கேயே சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் துவைத்தேன். தார்ப்பாய்க் கூடாரம், ஒரு கட்டில். ஷிஃப்டுக்குக் குளித்து வேறு துணி மாற்றிப் போவேன், திரும்பி மனைக்கே வருவேன். தெருவில் மாடு ஆடு வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, "இந்தப் பக்கம் ஓட்டாதீங்க, எங்க மாட்டுக்குக் கோமாரி" என்று சொன்னேன். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் என் படிப்பைப் பற்றி விசாரித்தார்.

லைனில் என்னோடு வேலை செய்யும் திருநெல்வேலிக்காரத் தம்பி எங்கள் தெருவில்தான் அறை எடுத்திருக்கிறான். அண்ணியை அவன் மயினி என்பான். முதல்நாள் வளைவருகே நின்று எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, மயினி பத்தி விட்டுட்டாவளோ?"

"மாடு பத்தி விட்டிருச்சுடா."

"மாட்டோட குடித்தனம் நல்லாத்தான் இருக்கும்ணே. எதுத்துப் பேசாதுல்லா."

எதிர்த்துப் பேசவில்லைதான். நான் சமையல் சோடா கரைத்து வாய் கழுவினேன், குளம்புக்கு மருந்து விட்டேன், வாழைப்பழத்தை மசித்து ஊட்டினேன். அது அந்த வெள்ளை இமைகளை மெல்ல மூடித் திறக்கும். பகலில் கூடாரத்துக்குள் படுத்தால், நாங்கள் இருவரும் யாரும் வராத ஒரு ஊரின் முதல் குடும்பம் என்று தோன்றும். சாலை எங்களுக்கு, வளைவு எங்களுக்கு, காற்று முழுவதும் எங்களுக்கு. பிறகு சினை மாட்டின் ஞாபகம் வரும். ஊர் கலைந்துவிடும்.

கோடு போட்ட பன்னிரண்டாம் நாள் காலை, மனைவி டீ கொண்டு வரவில்லை. எங்கள் தொழுவத்திலிருந்து ஒரு நீண்ட கத்தல். நான் கோட்டருகே ஓடினேன். சுண்ணாம்பில் கட்டைவிரல் பட்டது. போன ஈற்றில் கன்றின் காலைப் பிடித்து இழுத்தவன் நான்தான். ஒரு அடி எடுத்துவைத்தால் வீடு. தட்டையைத் தூக்கிக்கொண்டு போன அந்தக் காட்சி கண்முன்னே வந்தது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பிறகு தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ஒருநாளும் நாடாவைத் தாண்டாதவன்.

வீடியோவில் முதலில் கூரை தெரிந்தது.

"டேய், கூரையக் காட்டாதடா! மாட்டக் காட்டு!"

"நான் பாக்கல அண்ணே, எனக்குத் தலை சுத்துது. மயினி சரியாத்தான் பிடிச்சிருக்காவ."

படம் உறைந்தது. வெறும் சத்தம். மனைவியின் "வா வா வா, என் தங்கம், வா." பிறகு படம் திரும்பி வந்தபோது வைக்கோலில் ஈரமாக ஏதோ ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கிடேரி, பெண் கன்று. தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது.

"வாயக் காட்டு மே," என்றேன்.

அவள் மாட்டின் உதட்டை விரித்தாள். நாக்கு, ஈறு, எல்லாம் சுத்தம். குளம்பு இடுக்கையும் தம்பி கண்ணை மூடிக்கொண்டே காட்டினான்.

"ஒண்ணும் இல்லங்க," என்றாள். 'ங்க' திரும்பியிருந்தது. "டாக்டரம்மாவும் இங்கதான் கீறாங்க. இன்னும் ஒம்பது நாளு நீங்க அங்கயே இருக்கணுமாம்."

சரி என்று தலையாட்டினேன். பக்கத்தில் போன ஏதோ லாரியின் தூசி கண்ணில் விழுந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டின் வாய் கழுவிய கையை உயர்த்தினேன்.

"கண்ணத் தொடச்சிக்கோங்க," என்றாள் திரையிலிருந்து. "அந்தக் கையால இல்ல!"