நரைத்த டாக்டர்தான் வேண்டும்

எங்கள் வீட்டில் எதையும் வயது பார்த்துத்தான் நம்புவார்கள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே, ஓட்டுகிறவர் தலையில் நரை இருக்கிறதா என்று என் கணவர் குனிந்து பார்ப்பார். அப்படிப்பட்டவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மார்பகப் படம் எடுக்கப் போனது என் தப்பு.

கொச்சியில் மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்து, வைட்டிலா பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். உடம்பில் பவுடர், சென்ட் எதுவும் போடக்கூடாது, படத்தில் வெள்ளையாக விழும் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தார்கள். நானும் போடவில்லை. ஆனால் கிளம்பும் நேரத்தில் என் நாத்தனார் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டு, ஒரு பிடி திருநீற்றை என் ரவிக்கைக்குள் கொட்டித் தேய்த்துவிட்டார். திருநீற்றைப் பவுடர் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கு வராது.

படத்தைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். முப்பது வயது இருந்தால் அதிகம். வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றாள். கணவருக்குக் கோபம் வந்தது.

"இந்தக் கொச்சுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தலை நரைச்ச சாரு யாராச்சும் உண்டா?" என்று கவுண்டரில் போய்க் கேட்டார்.

இருந்தார். தலை மொத்தமும் பஞ்சு. உடைந்த எலும்பும் சளி கட்டிய நெஞ்சுமாக நாற்பது வருடம் படம் பார்த்தவராம். திரையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார்.

"உள்ளேயும் பஸ்மம் இட்டோ?"

தலையாட்டினேன். மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"இது கேன்சர் அல்ல, சாட்சாத் முருகன்!"

கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். செய்தி போனில் பறந்தது. நாத்தனார் அங்கே பாயசத்துக்கு அடுப்பு மூட்டிவிட்டார். நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் டாக்டர் வெளியே வந்து என்னைத் தனியாக அழைத்தாள். "சேச்சி, பஸ்மம் எனக்கும் மனசிலாயி. அதைக் கழுவிட்டு வாங்க. ஒரு இடம் மட்டும் வேற மாதிரி இருக்கு."

பெரியவர் மார்பகப் படம் பார்ப்பதே அபூர்வம், இந்தச் சின்ன டாக்டர் காலையிலிருந்து சாயங்காலம் வரை இதை மட்டும்தான் பார்க்கிறார் என்று நர்ஸ் என் காதில் போட்டாள்.

"பெரிய டாக்டர் பறஞ்சாச்சுல்லே? வா போகாம்," என்றார் கணவர்.

"மார்பு என்னோடது. நீங்க போய் சாயா குடிங்க," என்றேன்.

குளியலறையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இரண்டாவது படத்தில் முருகன் போய்விட்டார். அந்த ஒரு இடம் போகவில்லை. ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள். "நான் திரும்பக் கூப்பிடுறவங்கள்ல முக்காவாசிப் பேரும் சிரிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க, சேச்சி," என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

முடிவு கேட்கத் தனியாகப் போனேன். நான் அந்த முக்காவாசியில் இல்லை. "சின்னதுதான், நேரத்தோட வந்துட்டீங்க, குணமாக்கிடலாம்," என்றாள். பிழைத்தோம் என்று அவள் காலில் விழுந்திருக்க வேண்டியவள் நான்.

"உன்னை யாருடி இவ்வளவு கவனமாப் பாக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவள் முகம் மாறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கத்தி ஓயும்வரை என் கையைப் பிடித்திருந்தாள். அதிலும் அவளுக்கு நல்ல அனுபவம் இருந்தது.