மேகத்துக்குள் நின்ற பாதி ஆர்டர்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு காலை நேரம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன். மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் குடியிருக்கும் என் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் போனேன். கூட வந்தவர்கள் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள்.

நான் போடியில் தையல்கடை வைத்திருக்கிறேன். கடையைப் பெரிதாக்கச் சேர்த்து வைத்த பணம், அதுவரை சும்மா கிடப்பானேன் என்று ஆப்ஷன் என்கிற, பந்தயம் மாதிரியான பங்குச்சந்தை வியாபாரம் பழகியிருந்தேன். எல்லாம் செல்போனில்தான். பங்குச்சந்தைக் குறியீடு இந்த அளவைத் தாண்டாது என்று நினைத்து ஓர் ஆப்ஷனை விற்பேன். ஒருவேளை தாண்டிவிட்டால் அடி பலமாக விழக்கூடாதே என்று, இன்னும் மேல் அளவுக்கான ஓர் ஆப்ஷனைக் காப்புக்கு வாங்கி வைப்பேன். இந்த ஜோடிக்கு ஸ்ப்ரெட் என்று பெயர். எனக்கு அது ஒரே பொருள் மாதிரிதான். பொத்தானை ஒருதரம் அழுத்தினால் சேர்ந்தே போகும், சேர்ந்தே வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அடிவாரம் தாண்டும்போது, மேலே சிக்னல் இருக்காதே என்று, கையில் இருந்த ஜோடியை முடித்துவிடச் சொல்லி அழுத்தினேன். அழுத்திவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தேன்.

ஜீப்பு வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் போடி சின்னதாகிக்கொண்டே போய், ஒரு திருப்பத்தில் இல்லாமலே போய்விட்டது. மேகம் பள்ளத்திலிருந்து எழும்பி ரோட்டுக்கு வந்து, ஜீப்புக்குள்ளும் நுழைந்தது. எதிரே இருந்த பெண்ணின் முகம் பாதிதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரின் ஸ்வெட்டரில் ஏலக்காய் வாசம் ஏறியிருந்தது. விழித்துக்கொண்டே தூங்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

அந்த மயக்கத்தில்தான் போனைப் பார்த்தேன். காப்புக்கு வாங்கி வைத்திருந்தது விற்றுப்போயிருந்தது. விற்று வைத்திருந்ததைத் திரும்ப வாங்கச் சொன்ன ஆர்டரோ அப்படியே நின்றது. குறியீடு ஏறிக்கொண்டிருந்ததால் நான் சொன்ன விலைக்கு யாரும் கொடுக்கவில்லை. காப்பு போய்விட்டது, ஆபத்து மட்டும் என் கையில் இருந்தது. காப்பு இல்லாததால் கணக்கில் இருக்கிற பணம் போதாது, தாமதித்தால் நாங்களே முடித்துவிடுவோம், அதற்குத் தனிக் கட்டணம் என்று என் ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் புரோக்கர் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தியும் வந்திருந்தது. அதற்குமேல் இணையம் இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பார் போல, டிரைவர் வண்டியை மெதுவாக்கினார்.

"என்னக்கா, போன் பேசணுமா? நெட்டு கெடைக்காது. அந்தா, அந்தப் பாறைகிட்ட நின்னா பேச்சு மட்டும் கேக்கும். பேசிட்டு வாங்க, இந்த மேகத்துல வெரசாப் போக முடியாது."

வண்டி நின்றதும் இறங்கினேன். பாறையிலிருந்து தண்ணீர் நூல் நூலாக ஒழுகி ரோட்டோரம் விழுந்துகொண்டிருந்தது. போனில் ஆர்டர் எடுக்கும் புரோக்கர் கம்பெனியின் எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். என் விவரங்களைச் சரிபார்த்தார். போனில் போடும் ஆர்டருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, சம்மதமா என்று கேட்டார். சரி சரி என்று சொல்லிவிட்டு, "மிச்சம் நிக்கிறத உடனே வித்துருங்க, எந்த விலைன்னாலும் வித்துருங்க" என்றேன்.

அவர் உடனே போடவில்லை.

"மேடம், விக்கணுமா, வாங்கணுமா? நீங்க ஏற்கெனவே வித்தது அது. திரும்ப வாங்கினாத்தான் முடியும். விக்கச் சொன்னா இன்னொண்ணு சேர்ந்துடும். பதறாம சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

வாங்கவேண்டும் என்பதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு வாயால் சொன்னேன். அவர் முழுசாகத் திருப்பிச் சொல்லி, என் சம்மதம் கேட்டு, போட்டார்.

முடிந்ததா என்று தெரிய சற்று நேரமானது. காத்திருக்கும்போது அவர் தயங்கிக் கேட்டார்.

"அங்க என்ன மேடம் சத்தம், மழையா?"

"இல்லம்மா, பாறைத் தண்ணி. மேகத்துக்குள்ள நிக்கிறேன்."

"இங்க எங்க ரூம்ல ஜன்னலே கிடையாது" என்றார். நான் போனைத் தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் நீட்டினேன். எந்த ஊரோ, எந்த மாடியோ, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைக்குள் என் பயம்கூட யாரோ ஒருத்தியுடையது மாதிரி தள்ளி நின்றது.

"ஆயிடுச்சு மேடம், முடிஞ்சிடுச்சு" என்றது குரல்.

ஏன் இப்படிப் பாதி நின்றது என்று கேட்டேன். கம்பெனி ஒன்றாக அனுப்பினாலும், சந்தைக்குப் போனதும் இரண்டும் தனித்தனி ஆர்டர், தனித்தனி வரிசையில் நிற்கும், கட்டணமும் ஒவ்வொன்றுக்கும் தனி என்று பொறுமையாகச் சொன்னார். தொடங்கும்போது இரண்டு கட்டணம், முடிக்கும்போது இரண்டு. இத்தனை நாளும் அதைக் கவனிக்காமலே கட்டியிருக்கிறேன்.

நஷ்டம்தான். ஆனால் கடைக்கான பணம் பெரும்பாலும் தப்பியது. ஜீப்பில் ஏறியதும், பக்கத்துப் பெண், "முடிஞ்சுதா சோலி?" என்று கேட்டு நகர்ந்து இடம் விட்டார். தங்கை வீட்டில் குழந்தையை மடியில் வாங்கியபோதுதான் பதற்றம் அடங்கியது.

அதன் பிறகு அந்த வியாபாரத்தை விட்டுவிட்டேன். கடையையும் மெதுவாகத்தான் பெரிதாக்கினேன். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. பயத்தில் நான் சொன்னதை அப்படியே செய்துவிட்டுப் போயிருந்தால் அவர்மேல் யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் ஒரு நிமிஷம் நின்று, நான் நிஜமாகவே கேட்க நினைத்தது என்ன என்று கேட்டார். அவ்வளவு அக்கறையோடு என்னை யாராவது கேட்டதாக அதற்கு முன்னும் பின்னும் எனக்கு நினைவில்லை.