வீட்டைப் பூட்டுவோம் என்றார்கள்

வாடகைக்கு வீடு விட்டவள் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடியிருப்பவர்கள் குறட்டை விடுவார்கள். கூரையில் பூனை நடந்தாலும் எழுந்து உட்காருவது வீட்டுக்காரிதான். உங்களில் என்னைப் போல் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சாவது விடுங்கள்.

மலாயாவில், மலாக்கா ஊரின் காஜா பெராங் பகுதியில் என் கணவர் எனக்கு விட்டுப்போனது ஒரு நீள வீடு. முன்பக்கம் பால்காரர் சின்னையா குடியிருந்தார். பின்பக்கம் லாரியில் மூட்டை ஏற்றும் மாரிமுத்து, அவர் மனைவி பார்வதி, அவர்களுடைய பிள்ளைகள். நான் அடுத்த சந்தில் தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டேன். அந்த வாடகைதான் எனக்குச் சோறு. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அந்தச் சோற்றில் மண் விழப் பார்த்தது.

பொட்டு வைத்த தாள்

ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் போனேன். வாசல் கதவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம், மேலே மல்லிகைச் சரம். கீழே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்ததால் சடக்கு நெடுக, ரோட்டின் இரண்டு ஓரத்திலும், தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதுவும் அந்தச் சந்தோஷத்தில் சேர்ந்ததுதானாக்கும் என்று நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

தாள் இங்கிலீஷில் இருந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் தமிழில். எதிர்க்கடை மளிகைக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் படிக்கப் படிக்க நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் கொசு வளர்கிறதாம். அளவுக்கு மேல் ஆள் இருக்கிறதாம். சமையற்கட்டின் பின்சுவர் சாய்ந்து நிற்கிறது, அதை அகற்ற வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் மறுபடி வரும்போது மூன்றும் சரியாகாவிட்டால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு வீட்டைப் பூட்டிவிடுவார்களாம்.

"அடிப் பாவி, இதுக்கா பூ வச்சே?" என்று பார்வதியைக் கேட்டேன்.

"கவர்மெண்டு முத்திரை இருந்துச்சுக்கா. வீட்டுக்கு வீடு சுதந்திரம் குடுக்கிறாங்கன்னு நெனச்சோம்!"

எறும்புக்கு வைத்த தண்ணீர்

அன்றைக்கே, தாளை ஒட்டிய நகரசபை கவுன்சில் ஆபீசுக்கு ஓடினேன். சுகாதார இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, பளபளவென்று சைக்கிள். "வாங்கோ அம்மா, காட்டுறன்" என்று கையோடு வந்துவிட்டார்.

கொசு என்றால் சாக்கடையில்தான் இருக்கும் என்று நான் ஆபீசுக்குக் கிளம்பும் முன்பே சாக்கடையைத் தேய்த்துக் கழுவ வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பார்வதியின் சமையற்கட்டுக்குப் போய்க் குனிந்து, சோற்று அலமாரியின் அடியில் டார்ச் அடித்தார். எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்கள் நான்கையும் பீங்கான் மங்குகளில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி வைப்போம் இல்லையா? என் வீட்டிலும் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கும். அந்தத் தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்த நெளிப்பைப் பார்க்க வேண்டுமே! ஒரு மங்கில் கல்யாணக் கூட்டம், இன்னொன்றில் தேர்த் திருவிழா.

தண்ணீரைக் கொட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பார்வதிக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"எறும்புக்குப் பயந்து தண்ணி வச்சா கொசு வருது. கொசுவுக்குப் பயந்து எண்ணெய் வச்சா எது வரும்னு ஐயாவையே கேட்டுச் சொல்லுங்கக்கா!"

எனக்கே அறை காட்டியவர்

அளவுக்கு மேல் ஆள் என்றதுதான் எனக்குப் புரியவில்லை. சின்னையா ஒண்டிக்கட்டை. அவர் வீட்டில் எங்கிருந்து கூட்டம் வரும்? பால் ஊற்றப் போயிருப்பார் என்று தெரிந்தும் மறுநாள் உள்ளே நுழைந்தேன். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

என் முன்கூடத்தைக் காணோம். கூடம் இருந்த இடத்தில் பலகைத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு கோணித் திரை, திரைக்குப் பின்னால் ஒரு பாய், ஒரு பெட்டி. கைலி கட்டிய ஒரு மனிதர் என் கணவர் மாட்டிய கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பால்காரர் எனக்குத் தெரியாமல் ஒரு சத்திரமே நடத்தியிருக்கிறார்!

நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து அந்த மனிதர் சோப்பு நுரையோடு திரும்பினார். முகத்தில் அவ்வளவு இரக்கம்.

"அக்காவும் ரூம் பார்க்க வந்தீங்களா? முன்பக்கமே எடுத்துக்குங்க. பின்பக்கம் வேணாம், சுவரு எப்ப விழும்னு தெரியல. வீட்டுக்காரி மகாக் கஞ்சமாம்!"

விறகுக்குப் பின்னால்

சின்னையாவை ஒரு பிடி பிடித்தேன். பலகைகள் இறங்கின, பாய்கள் கிளம்பின. கொசுவும் ஒழிந்தது. சுவர்தான் பாக்கி. கொத்தனார் ஒருவரும் அகப்படவில்லை. மெர்டேக்காவுக்காக ஊர் முழுக்கக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். "கொடி ஏறட்டும்மா, பிறகு வர்றேன்" என்றார்கள். இன்ஸ்பெக்டர் அதற்கு முன்பே வருகிறார் என்று ஆள் வந்து சொன்னான். போதாததற்கு, பின்சுவரை ஒட்டி வெளியே அடுக்கியிருக்கும் ரப்பர் மர விறகில் எலி குடியிருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள் என்று ஒரு புது உத்தரவு.

சுவரைத்தான் கட்ட முடியவில்லை, இதையாவது செய்து வைப்போம் என்று அவர் வரும் நாள் காலையில் மாரிமுத்துவும் சின்னையாவும் விறகை இறக்க ஆரம்பித்தார்கள். உள்ளே அடுப்பில் உலை கொதிக்கிறது. பார்வதியைப் பிள்ளைகளோடு முன்பக்கம் போகச் சொல்லியிருந்தேன். நல்ல வேளை, சொன்னேன். பாதி விறகு இறங்கியதும் சுவர் ஒரு பெருமூச்சு விட்டது. "ஓடுங்க!" என்று சின்னையா கத்தினார். இருவரும் தாவி விலகிய இடத்தில் முழுச் சுவரும் தொப்பென்று மல்லாந்தது. இத்தனை நாளாக அதைத் தாங்கி நின்றது அந்த விறகுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. கூரை மட்டும் மரத்தூண்களில் அப்படியே நின்றது. புழுதி அடங்கியபோது, பின்சந்தில் நின்ற எனக்கு அடுப்பும் உலையும் சோற்று அலமாரியும் நாடக மேடை போலத் தெரிந்தன.

அந்த நேரத்தில் சைக்கிள் மணி. நான் செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "ஐயா, பூட்டிடாதீங்க. இந்த வீட்டை விட்டா எனக்கு வேற கதியில்லை. இந்தப் பிள்ளைங்களும் எங்கே போகும்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார், விறகு இருந்த இடத்தைப் பார்த்தார். கன்னத்தைச் சொறிந்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையிலிருந்த தாளில் ஒரு வரியை அடித்தார்.

"அழாதேங்கோ அம்மா. சாய்ஞ்ச சுவரை அகற்ற வேணும் எண்டுதானே எழுதினனாங்கள்? அகற்றியாச்சு. ஆனா அடுத்த முறை ஆள் வைச்சு அகற்றுங்கோ!"

சட்டத்தை மதிக்காதவர்களுக்கு வீடு போகும், மதித்தவர்களுக்குச் சுவர் மட்டும்தான் போகும் என்பதை மெர்டேக்காவுக்கு முன்பே தெரிந்துகொண்ட வீட்டுக்காரி, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.