வலப்பக்கம் சாஞ்ச கழுத்து

என் வீட்டுக்காரரோட அண்ணி, நான் அக்கான்னு கூப்பிடுற ஓரகத்தி, ஒரு தையக்கடையில கட்டர். தைக்கிறவங்க இல்ல, வெட்டுறவங்க. தெரியாம யாராவது "டெய்லரம்மா"ன்னு கூப்பிட்டா மூஞ்சி கடுகடுன்னு ஆயிடும். தையல்ல தப்பு வந்தா பிரிச்சுக்கலாம், வெட்டுனதுல தப்பு வந்தா துணியே போச்சு. அவங்க வர்ற வரைக்கும் அந்தக் கடையில ஆம்பளைங்கதான் வெட்டுவாங்க. அக்கா பதினாலு வருஷமா அந்த மேஜையை விடல.

நாள் முழுக்க குனிஞ்சு நின்னா கழுத்து சும்மா இருக்குமா? வலப்பக்கம் கழுத்துல ஆரம்பிச்ச வலி, தோள்பட்டை வழியா முழங்கை வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி சுரீர்னு இறங்குச்சு. ஒரு நாள் கத்திரி கைநழுவி, யாரோட பட்டுலயோ ஓட்டை. அப்புறம்தான் டாக்டர்கிட்ட போனாங்க.

"ஆபரேஷன்லாம் வேண்டாம்மா. ஆறு வாரம் கத்திரியைத் தொடாதீங்க, எக்சர்சைஸ் ஒழுங்கா பண்ணுங்க, போதும்"னாரு டாக்டர்.

கடை முதலாளி தலையை ஆட்டினாரு. "ஆறு வாரம் பொறுத்துக்கிறேன். அதுக்கு மேல ஆச்சுன்னா உன் இடத்துல என் மச்சானை நிறுத்திடுவேன். அப்புறம் என்கிட்ட அழக்கூடாது."

ஆஸ்பத்திரியில எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்கிற பொண்ணு எதிர்ல நின்னு செஞ்சு காட்டுச்சு. தாடையை உள்ள இழுத்துப் பத்து எண்ணணும். அப்புறம் வலிக்காத பக்கம் தலையைச் சாய்க்கணும், ஆனா எந்தப் பக்கம்னு அது வாயைத் திறந்து சொல்லல. "என்னைப் பாத்து அப்படியே பண்ணுங்கக்கா. வலி விரலுக்கு இறங்குச்சுன்னா நிறுத்திட்டு உடனே வாங்க"ன்னுச்சு. வெளிய எட்டு பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க. இவங்க செய்யுறதைப் பாக்க அதுக்கு நேரமில்ல.

பாவம், அந்தப் பொண்ணு கண்ணாடி மாதிரி காட்டியிருக்கு. தன்னோட வலப்பக்கம் சாஞ்சுது, பாக்கிறவங்க தன்னால இடப்பக்கம் சாய்வாங்கன்னு. மத்தவங்க அப்படித்தான் சாய்வாங்க. அக்கா அளவெடுக்கிறவங்க ஆச்சே. எதிர்ல நிக்கிறவங்களோட வலது தோள் எதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வாங்க. "அவ வலப்பக்கம் சாஞ்சா, நானும் வலப்பக்கம்"னு மனசுல எழுதிக்கிட்டு வந்துட்டாங்க.

ஒரு நாளைக்கு மூணு வேளை. காய்ச்சல்ல கிடந்தப்பகூட விடல. வலிக்கிற பக்கமாவே தலையைச் சாய்ச்சு, பத்து எண்ணி, மறுபடி சாய்ச்சு.

வீட்டுல ஒரே கும்மாளம். சுவத்துல முதுகை வச்சு தாடையை இழுத்தா, அவங்க புருஷன், "என்னடி, ரெண்டாவது தாடை வளக்கிறியா?"ம்பாரு. எங்க மாமியார், "சுவரு விழுந்துடும்னு முட்டு குடுக்கிறா, விடுடா. அதுக்காவது உதவட்டும்"னு சொல்லிட்டு துவைக்கிற துணி வாளியை அவங்க பக்கமே தள்ளுவாங்க. என் பொண்ணு கோழி மாதிரி கழுத்தை இழுத்து இழுத்துப் பின்னாடியே நடப்பா. நானும்தான் சிரிச்சேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

மூணாவது வாரம் கட்டை விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போச்சு.

"விரலுக்கு வந்தா வரச் சொன்னாளே"ன்னு அக்கா இழுத்தாங்க.

"மக்கு, வலி கழுத்தை விட்டு இறங்குது. விரல் நுனி வரைக்கும் வந்துடுச்சு, இன்னும் நாலு நாள்ல வெளிய போயிடும்"னாரு அவங்க புருஷன். பெரிய வைத்தியரு.

"ஆமா, இதுக்கு ஒரு தடவை ஆட்டோ வேற"ன்னு மாமியார் ஒத்து ஊதினாங்க.

அக்காவும் நம்பிட்டாங்க. கழுத்து வலி கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, அதனால. மூணு வேளையை அஞ்சு வேளை ஆக்கினாங்க.

ஆறாவது வாரம் காபி டம்ளரைப் பிடிக்க முடியல. நான்தான் கூட்டிட்டுப் போனேன். "செஞ்சு காட்டுங்கக்கா"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அக்கா பெருமையா தலையைச் சாய்ச்சாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சி வெளுத்துடுச்சு.

"அக்கா, வலி எந்தப் பக்கம்?"

"வலது."

"சாய்க்கிறது?"

அக்கா தலையை நிமித்தவே இல்ல. சாஞ்சது சாஞ்சபடியே இருந்தாங்க. ஒரு நாள் சோம்பேறித்தனம் பண்ணியிருந்தா ஒரு நாளாவது மிச்சமாகியிருக்கும். அதுகூட இல்ல.

தப்பு தன்னோடதுதான், முதல் நாளே செய்யச் சொல்லிப் பாத்திருக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லி அழுதுச்சு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும், இந்தத் தடவை தானே பக்கத்துல நின்னு பாக்கிறேன்னுச்சு. மூணு மாசம் ஆச்சு. வலி விரலை விட்டு, முழங்கையை விட்டு, கழுத்துக்கு ஏறி, அங்கேயும் அடங்குச்சு. பிடி திரும்பி வந்துடுச்சு.

வந்த அன்னைக்கே கடைக்குப் போனாங்க. மேஜையில மச்சான் நின்னுக்கிட்டு இருந்தான். முதலாளி ஒரு துணியைப் போட்டு, "எங்க, வெட்டு பாப்போம்"னாரு. அக்கா வெட்டினாங்க. ஒரு நூல் பிசகல. முதலாளி துணியைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு.

"கை நல்லாத்தான் இருக்கு. அவன் மாசம் நாலு துணியைப் பாழாக்கிறான், தெரியும். என்ன பண்றது, பொண்டாட்டியோட தம்பி. பட்டன் கட்ட ஆள் வேணும். வர்றியா?"

அக்கா கத்திரியைக் கீழ வச்சாங்க. "எத்தனை மணிக்கு வரணும்?"

இப்ப மூலையில ஸ்டூல் போட்டு பட்டன் கட்டுறாங்க. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கழுத்தை அசைக்கணும். முதலாளி கண்ணுல பட்டா, "இங்க என்ன டான்ஸ் கிளாஸா நடக்குது?"ம்பாரு. அதனால கக்கூஸுக்குள்ள போய் செஞ்சுட்டு வர்றாங்க. அந்தம்மாவுக்கு வயிறு சரியில்லன்னு மச்சான் கடை முழுக்கச் சொல்லி வச்சிருக்கான்.