அம்மாவுக்கு ஆகாதவை

ஐந்தாம் வகுப்பில் நான் லீடர். டீச்சர் வெளியே போனால் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. பேசாமல் இருப்பவர்களிலும், பேசப் போகிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தால், அவர்கள் பெயரையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் கையில் பத்தியச் சீட்டு ஒன்று சிக்கினால் வீடு என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீடு அந்தப் பாட்டை நான்கு மாதம் பட்டது.

அந்த வருடம் சித்திரையில் அம்மாவுக்குக் கை வீங்கத் தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக் குடிப்பாள். வெயில் ஏறிய பிறகுதான் விரல்கள் கொஞ்சம் இளகும். ஆனால் கம்பெனி வேன் வெயில் ஏறும்வரை காத்திருக்காதே. ஆறே முக்காலுக்கெல்லாம் முக்கு ரோட்டில் வந்து ஹாரன் அடித்துவிடும்.

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மாவுக்குச் சக்கரம் சுற்றுகிற வேலை. வெடிமருந்து அடைத்த மெல்லிய காகிதக் குழாயை நடுவில் ஒரு வில்லை வைத்து வட்டமாகச் சுற்றி, பசை தொட்டு ஒட்ட வேண்டும். எல்லாம் விரல் நுனி வேலை. அந்த ஷெட்டில் அம்மாவைப் போலச் சுற்ற ஆள் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்ட விரல்கள்தான் இப்போது ஜாக்கெட் கொக்கி மாட்டக்கூட அப்பாவைக் கூப்பிட்டன.

ஆனியில் விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் பார்த்து, இது முடக்குவாதம் என்றார்கள். உடம்பே தன் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோயாம். வாரம் ஒரு நாள் போட ஒரு மாத்திரை, தினமும் போட ஒன்று. வீக்கம் வடிய இரண்டு மூன்று மாதம் ஆகும், விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தீபாவளி ஆர்டருக்கு வேலை சூடு பிடிக்கிற நேரம் அது. முந்தின வருடம்தான், கை நடுங்குகிறது என்று வயதான ஒருத்தியை போர்மேன் வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அம்மா வீட்டுக்கு வந்ததும் என்னையும் அப்பாவையும் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"கம்பெனில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. நான் வேலைக்குப் போவேன். வீட்ல உக்காந்தேன்னா இந்தக் கை இப்படியே மடங்காமப் போயிரும்."

அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். ஆனால் எனக்குத் தலையாட்டுவதோடு நிற்கத் தெரியாது.

அந்தச் சமயம் பார்த்துப் பெரியப்பா வந்தார். சூலக்கரையில் ஏதோ ஆபீஸில் வேலை அவருக்கு. கால் பெருவிரல் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் மதுரையில் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தார். யூரிக் ஆசிட் என்று சொல்லி, சாப்பிடக் கூடாதவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பா அந்தத் தாளை விசிறி போல ஆட்டிக்கொண்டே வந்தார்.

"இதப் பாத்து நடந்தா மனுசன் சாமியாராத்தான் போகணும். அதுவும் மூட்டு வீக்கம், இதுவும் மூட்டு வீக்கம். உங்கம்மாவுக்கு ஆகும், வச்சுக்கத்தா," என்று என்னிடம் கொடுத்துவிட்டு, போகிற வழியில் ஆட்டு ஈரல் வாங்கிக்கொண்டு போனார்.

அப்பாவுக்கு அச்சாபீஸில் கட்டிங் மிஷின் வேலை. அச்சு பிசகிய காலண்டர் தாள்கள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். ஒரே தாளில் முருகனும் லட்சுமியும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, ஆறு கையோடு இருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் தலைப்பு எழுதினேன்: அம்மாவுக்கு ஆகாதவை. பெரியப்பாவின் தாளில் இருந்ததெல்லாம் கீழே இறங்கியது. ஈரல், கறி, சாளை, நெத்திலி, இறால், பருப்பு, பயறு. ஒட்டுவதற்கு இடம்தேடி, கடைசியில் அடுக்களைக் கதவில் ஒட்டினேன்.

தெருவில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. தக்காளி ஆகாது என்றார் ஒருவர். கத்தரிக்காய் கடுப்பைக் கிளப்பும் என்றார் இன்னொருவர். உருளைக்கிழங்கு வாயு. புளி எலும்பை அரிக்கும். தயிர் குளிர்ச்சி. யார் எதைச் சொன்னாலும் அன்று சாயங்காலமே கதவில் ஏறிவிடும். ஒரு நாள் எனக்கே திடீரென்று ஒரு ஞானம் வந்தது. பருப்பு ஆகாதென்றால் உளுந்தும் பருப்புதானே? அதோடு எங்கள் வீட்டில் அம்மா தட்டிலிருந்து இட்லியும் தோசையும் போயின.

"அப்ப அவ எதைத்தான் திங்கறது?" என்று அப்பா கேட்டார்.

"சுரைக்காய்," என்றேன்.

சனிக்கிழமை சம்பள நாளில் அப்பா எண்ணெயில் பொரித்த பரோட்டா வாங்கிவருவார். அம்மாவின் பங்கை நான் பிடுங்கித் தம்பிக்குக் கொடுத்துவிடுவேன். பிற்காலத்தில் யோசித்துப் பார்க்கையில், அந்த நான்கு மாதத்தில் நான் தெரியாத்தனமாகச் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள். "சரிங்க டாக்டரம்மா" என்று சிரித்துக்கொண்டு, சுரைக்காய்க் கூட்டைப் பிசைந்து சாப்பிடுவாள். காலையில் அதையேதான் கேரியரில் அடைத்துக் கொடுப்பேன். மூடியை நானே அழுத்தி மாட்டுவேன், வழியில் யாராவது எதையாவது உள்ளே போட்டுவிடுவார்கள் என்பது போல.

மூன்றாவது மாதம் வீக்கம் வடியத் தொடங்கியது. அம்மா டம்ளரை ஒரு கையால் பிடித்தாள். கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் தாள் எடுத்து, சிவப்பும் பச்சையுமாகப் பட்டியலை மறுபடி எழுதி, ஓரத்தில் பூக்கொடி எல்லாம் போட்டு ஒட்டினேன். மாத்திரையும் ஏதோ பக்கத்தில் நின்று உதவி செய்திருக்கலாம் என்ற அளவுக்குத்தான் அதற்கு மரியாதை கொடுத்தேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. ஹாரன் சத்தம் கேட்டு அவசரமாக ஓடிய அம்மா கேரியரை விட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. பத்தியம் ஒரு வேளை தவறினால் மூன்று மாத உழைப்பும் வீண் என்று பதறிப் போய், கேரியரைத் தூக்கிக்கொண்டு மினி பஸ் ஏறினேன்.

கம்பெனி ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் இருந்தது. கேட்டில் வாட்ச்மேன் என்னை மறித்தார். சின்னப் பிள்ளைகளை ஓர் அடிகூட உள்ளே விட மாட்டார்கள். சோதனைக்கு வருகிற ஆபீஸர் பார்த்தால் கம்பெனிக்கே பூட்டுப் போட்டுவிடுவார் என்பார்கள். "அங்கனயே நில்லு. சாப்பாட்டு மணி அடிச்சதும் உங்கம்மாவக் கூப்பிடுதேன்," என்றார். கம்பி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணி அடித்தது. பெண்கள் கைகால் முகத்தில் இருந்த மருந்துப் பொடியைக் கழுவிவிட்டு, கேட்டுக்கு உள்ளே முப்பதடி தூரத்தில் இருந்த சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். அம்மாவும் வந்தாள். பக்கத்தில், அதே ஷெட்டில் வேலை பார்க்கிற எங்கள் தெரு அத்தை. அத்தை தன் கேரியரைத் திறந்து, மூடியில் சோற்றைப் போட்டு, குழம்பிலிருந்து ஒரு சாளையை எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சதையை மட்டும் அம்மாவின் பக்கம் தள்ளினாள். அம்மா சாப்பிட்டாள். யோசித்துத் தயங்கி எல்லாம் இல்லை. பழகிய கை போலச் சாப்பிட்டாள்.

நான் அடுத்துச் செய்ததைச் சொல்வதற்கு முன், எனக்கு அன்று தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் காலேஜ் முடித்த பிறகு அத்தை சொன்னது இது. நான் எழுதிய பட்டியலை ஒரு சிட்டையில் அப்பாவைப் பார்த்தெழுதச் சொல்லி, அம்மா ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அது யூரிக் ஆசிட் வாதத்துக்கான பத்தியம், உங்களுக்கு வந்திருப்பது வேறு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாளை மாதிரி எண்ணெய் உள்ள மீன் இந்த வீக்கத்துக்கு நல்லதுதான், பருப்பு, கீரை, பழம் எல்லாம் சாப்பிடலாம், பொரித்ததையும் இனிப்பையும் குறைத்தால் போதும் என்றிருக்கிறார். சாப்பாடு கொஞ்சம் கைகொடுக்கும், மாத்திரைதான் நோயை அடக்கும், அதை விட்டுவிடாதீர்கள் என்றாராம். எடை இவ்வளவு குறைந்திருக்கிறதே, வெறும் சுரைக்காயைத் தின்று இந்த மாத்திரையை எப்படித் தாங்குவீர்கள் என்று கோபப்பட்டும் இருக்கிறார். அன்றிலிருந்து அத்தை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சாப்பாடு மட்டுமில்லை. வீக்கம் வடிந்த பிறகும் அம்மாவின் விரல்கள் பாதிதான் மடங்குமாம். அதனால் ஷெட்டில் இரண்டு பேர் சக்கரத்தையும் அத்தை சுற்ற, அம்மா பசை தடவி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பிள்ளகிட்டச் சொல்லிர வேண்டியதுதான மதினி," என்று அத்தை கேட்டதற்கு அம்மா சொன்னாளாம், "அதுக்குப் பயம் மதினி. எழுதிக்கிட்டுத் திரியட்டும். எழுதுற வரைக்கும் அழாம இருக்கும்."

இது எதுவும் தெரியாமல் நான் கேட்டில் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா என் பேச்சை மீறிவிட்டாள் என்பதுதான். உள்ளே போக முடிந்திருந்தால் ஓடிப்போய்க் காதோடு சண்டை போட்டிருப்பேன். கேட் பூட்டியிருந்தது. முப்பதடிக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும்.

"யம்மா! சாளையத் திங்காத! கை மறுபடியும் வீங்கிரும்! விரல் மடங்காமப் போயிரும்! அப்புறம் எப்படிச் சக்கரம் சுத்துவ?"

கூடத்தில் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பக்கத்து ரூமிலிருந்து போர்மேன், எச்சில் கையோடு எழுந்து வந்தார். அப்போதுதான் எனக்கு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று அம்மா சொன்னது நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னம்மா சொல்லுது உன் பிள்ள? எம்புட்டு நாளா இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. சும்மா கத்துது."

"கையக் காட்டு."

அம்மா எழுந்து கையைக் கழுவி, துடைத்து, இரண்டையும் நீட்டினாள். போர்மேன் குனிந்து பார்த்தார். "மடக்கு," என்றார். மடக்கினாள். "அப்படி இல்ல. நல்லா இறுக்கி. ரெண்டையும்."

அம்மா இரண்டு கையையும் இறுக்கி மூடினாள். கேட்டிலிருந்தே எனக்குத் தெரிந்தது, ஒரு விரல்கூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். அத்தை மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி. தப்பா நினைக்காதம்மா. மருந்துக்கு நடுவுல உக்காந்து சோலி பாக்குற இடம். ஒருத்தி கை நழுவுனா நாலு பேரு போயிருவீக," என்றார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. "வேலையப் பாருங்க," என்று திரும்பிப் போனார்.

அம்மா கேட்டுக்கு வந்தாள். திட்டவில்லை. முகம் மட்டும் வேர்த்திருந்தது. நான் நீட்டிய கேரியரின் வளையத்துக்குள் முழங்கையை விட்டுத் தூக்கிக்கொண்டு, "பஸ்ஸப் பாத்து ஏறிப் போ," என்றாள். பஸ்ஸில் வரும்போது எனக்குப் பயமெல்லாம் போய் ஒரே கொண்டாட்டம். ஊரே பார்க்க அம்மா கையை மடக்கிக் காட்டிவிட்டாள். யார் வைத்தியம்? என் வைத்தியம்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கேரியரில் நான் கொண்டுபோய்க் கொடுத்த சோறு அப்படியே திரும்பி வந்திருந்தது.

"நீயே ஊட்டி விடு பிள்ள," என்றாள்.

ஐந்தாவது படிக்கிற கழுதைக்கு இன்னும் ஊட்ட வேண்டுமா என்று என்னைத் திட்டுகிற அம்மா, தனக்கு ஊட்டச் சொன்னால் எப்படி இருக்கும்! அடுக்களையில் இருந்த சுடுசோற்றில் சுரைக்காயைப் பிசைந்து, உருண்டை உருண்டையாக ஊட்டினேன்.

"பாத்தியா யம்மா, எம்புட்டு இறுக்கி மடக்குன! எல்லாம் என் லிஸ்ட்டுதான். இனி சாளையத் தொடக் கூடாது, சரியா?"

"ஆமா. உன் லிஸ்ட்டுதான்," என்று அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் மூன்று வேளையும் நான்தான் ஊட்டினேன். அன்று முழுக்க அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் முகம் கழுவிவிடச் சொன்னாள், தலை சீவிவிடச் சொன்னாள், கொக்கி மாட்டிவிடச் சொன்னாள். ஹாரன் கேட்டதும் விறுவிறுவென்று நடந்து போய் வேனில் ஏறிக்கொண்டாள். அம்மாவுக்குத் திடீரென்று என் மேல் இவ்வளவு செல்லம் வந்துவிட்டதே என்று, வேன் திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று நான் கையாட்டிக்கொண்டிருந்தேன்.