எதிர்வீட்டுக்கு வந்த மெயில்

அன்று காலை பதினொன்றே கால் மணிக்கு எதிர்வீட்டிலிருந்து கேசரி கிண்டும் நெய் வாசனை வந்தது. பண்டிகை எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மே மாத லீவு என்பதால் நான் வீட்டில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டம்மாளே கிண்ணத்தோடு படியேறினாள்.

“டீச்சர், எங்க பொண்ண இன்டர்வியூக்குக் கூப்ட்டுக்கீறாங்க. நாளைக்கே மெட்ராஸ்ல. மெயில்ல வந்துகீது. உங்க பொண்ணுக்கும் வந்திருக்குமே?”

“வரும்.”

“இன்னும் வரலியா? அய்யோ! ஒண்ணாத்தானே பரிட்சை எழுதினாங்க!”

அந்த ‘அய்யோ’ இப்போதும் காதில் கேட்கிறது. அவர்கள் மாடி எடுத்துக் கட்டியபோதோ, புது வண்டி வாங்கியபோதோ எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இது வேறு. கணக்கில் சந்தேகம் வந்தால் அந்தப் பெண்தான் என் மகளைத் தேடி வருவாள். ப்ளஸ் டூவில் என் மகளுக்குத்தான் மார்க் அதிகம். அவளுக்கு வந்தது இவளுக்கு எப்படி வராமல் போகும்?

மகள் காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போயிருந்தாள். வர சாயங்காலம் ஆகும். கேசரியை மூடி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரௌசிங் சென்டருக்கு ஓடினேன்.

மகளின் மெயிலைத் திறந்து பார்ப்பது அப்போது என் வேலை. எங்கள் வீட்டில் வந்த கடிதத்தை எறிகிற வழக்கம் கிடையாது, படித்துவிட்டுக் கம்பியில் குத்தி வைப்போம். பதில் போடாமல் இருப்பதும் மரியாதை இல்லை. மெயிலையும் அப்படித்தான் நடத்தினேன். உடம்பு இளைக்க மாத்திரை, வெளிநாட்டு லாட்டரி, தலைமுடி தைலம் என்று யார் எழுதினாலும், ‘தங்கள் கடிதம் கிடைத்தது, தற்சமயம் தேவையில்லை, நன்றி’ என்று இங்கிலீஷில் பதில் எழுதி, மகள் பெயரைப் போட்டு அனுப்பினேன். ஒன்றையும் அழிக்கவில்லை.

அன்று நான் மெயிலைத் திறந்ததும் கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“இன்னா டீச்சர், வர்ற குப்பைக்கெல்லாம் பதில் போட்டுக்கினு கீறீங்க? இந்த வூட்ல ஆள் கீதுன்னு தெரிஞ்சிக்குவான். ஒருத்தன் போயி பத்து பேர இட்டாருவான். பாருங்க, பொட்டி ரொம்பிப் போச்சு. புதுசா எது வந்தாலும் திரும்பிப் போயிடும்.”

“இதெல்லாம் அழிச்சா அது வந்துடுமா?”

“உள்ளயே வராதது எங்கேருந்து வரும்?”

ஆனாலும் உட்கார்ந்து அழித்தேன். ஒவ்வொரு பக்கமாகக் காலியாகிக்கொண்டே வந்தது. கம்பெனியிடமிருந்து எதுவும் இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பாஸ்வேர்டு தெரியும், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் மெயில் ஆரம்பித்தார்கள். அவளே திறந்து அழித்திருப்பாளோ என்றுகூட மனசு போனது.

எதிர்வீட்டில் கேட்டால் கம்பெனியின் போன் நம்பர் கிடைக்கும். இரண்டு முறை அவர்கள் கேட் வரை போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே அந்தம்மாள் மகளின் சுடிதாரை இஸ்திரி போட்டபடி யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மெட்ராசுக்கு ஒரு பஸ்ஸும் ஓடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மகள் வந்ததும் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. “பரவால்லம்மா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் பின்கட்டுக் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். எதிர்வீட்டுப் பெண். வாசல் வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. கையில் மடித்த ஒரு தாள்.

“அத்தை, கம்பெனிக்கு போன் பண்ணிக் கேட்டேன். இவளுக்கு அனுப்பினது பாக்ஸ் ஃபுல்லுனு திரும்பி வந்துடுச்சாம். என் மெயிலுக்கு அனுப்பச் சொல்லி பிரிண்ட் எடுத்துட்டேன். அவள எழுப்புங்க, காலைல மொத பஸ்ஸு.” வாசல் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நான் போன் பண்ணத மட்டும் எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”