மல்லிகா அக்காவும் நான் அழிச்ச பதினோரு ஊரும்

மல்லிகா அக்கா போயிட்டாங்க. நேத்து காலைல, ஹூஸ்டன்ல. அவங்க பொண்ணு மெசேஜ் பண்ணியிருந்தா.

இங்க பலருக்கு அவங்களைத் தெரியாது. தொண்ணூறுகள்ல ஒரு ஆயில் கம்பெனியில எனக்குப் பக்கத்து சீட். கரூர்க்காரங்க, ஜியாலஜிஸ்ட். நான் மேப் போடுற ஆளு.

ஹூஸ்டன் பக்கத்துல பேர்லேண்ட்ல இருந்து ஆபீஸுக்கு ரெண்டு வருஷம் அவங்க கார்லதான் போனேன். எனக்கு அப்போ ஃப்ரீவேல கார் ஓட்டன்னாலே பயம்...

ஒரு தடவை அவங்களைத் தென் அமெரிக்கக் காட்டுக்கு அனுப்பினாங்க. எண்ணெய் தோண்டப் போற இடத்தைப் பார்த்துட்டு வர. மூணு வாரம் கழிச்சு கால் முழுக்கப் பூச்சிக்கடியோட வந்தாங்க. நோட்டுல பதினோரு ஊர் பேரு.

"தம்பி, ஆளே இல்லாத காடுன்னு சொன்னாங்க. போன ஊர்லயெல்லாம் உட்கார வெச்சு மரவள்ளிக்கிழங்கு குடுத்தாங்க. இதை மேப்ல ஏத்திடுங்க."

ஏத்தினேன். பதினோரு புள்ளி.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "மேப் கொஞ்சம் கிளீனா இருக்கட்டும்"னார். அவ்வளவுதான். மிரட்டல்லாம் இல்லை. என் கிரீன் கார்டு பேப்பர்ல அவர் கையெழுத்து வேணும்... அதைப் பத்தி அவர் பேசவே இல்லை. நானா நினைச்சுக்கிட்டேன்.

அழிச்சிட்டேன்.

மீட்டிங்ல அக்கா மேப்பைப் பார்த்துட்டு, "அங்க ஜனங்க இருக்காங்க"ன்னாங்க. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட அப்படி ஏதாவது டேட்டா வந்துச்சா?"

"இல்லை"ன்னேன்.

அன்னைக்கு சாயங்காலமும் அவங்க கார்லதான் வீட்டுக்கு வந்தேன். இறங்கும்போது, "நாளையிலிருந்து வேற ஏற்பாடு பண்ணிக்கங்க தம்பி. நான் வேலையை விடறேன்"ன்னாங்க.

மறு வருஷம் கம்பெனியோட ஆண்டுக் கூட்டம். ஹோட்டல் வாசல்ல அந்தக் காட்டு ஜனங்க நாலு பேர் எதிர்ப்பு அட்டை பிடிச்சு நின்னாங்க. கூட்டிட்டு வந்ததே அக்காதான். நான் பேட்ஜை பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஓரமா நழுவப் பார்த்தேன்.

அக்கா கூப்பிட்டாங்க. அந்த நாலு பேர்ல பக்கத்துல நின்ன ஒரு அம்மாகிட்ட ஸ்பானிஷ்ல ஏதோ சொன்னாங்க. அந்தம்மா என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க.

"என்னக்கா சொன்னீங்க?"

"உங்க ஊரை முதல்ல மேப்ல போட்டவர் இவர்தான்னு சொன்னேன். நிஜந்தானே?"

கையை விடுவிச்சுக்கிட்டு உள்ள போயிட்டேன்.

அந்த ஜனங்க போட்ட கேஸ் வருஷக்கணக்கா நடந்து, பாதிக் காட்டுல தோண்டத்தான் தடை கிடைச்சுது. மீதியில தோண்டினாங்க. ஆத்துத் தண்ணி கெட்டுப்போய் மூணு ஊர் காலி பண்ணிப் போயிடுச்சு. அந்தம்மாவோட ஊரும் அதுல ஒண்ணுன்னு பின்னாடி கேள்விப்பட்டேன்.

எனக்கு கிரீன் கார்டு வந்துச்சு.

அப்புறம் கோயில்ல எத்தனையோ தடவை அக்காவைப் பார்த்திருக்கேன். பசங்க படிப்பு, என் சுகர்... எல்லாம் விசாரிப்பாங்க. அந்த மீட்டிங்கைப் பத்தி மட்டும் கேட்டதே இல்லை. நானும் வாயைத் திறக்கலை.

அன்னைக்கு எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன்க்கா. அதான் இதையும் எல்லார் முன்னாடியும் எழுதறேன்.

போயிட்டு வாங்க.